தோட்டப் புகைப்படப் போட்டியில் இடம்பிடிக்க: சேலம், ஏற்காடு பகுதியில் படம் எடுப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சேலத்தில் புகைப்படம் பழகும் நண்பர்கள் சிலரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காட்டுக்கோ, ஊருக்குள் இருக்கும் ஏதாவது ஒரு வீட்டுத் தோட்டத்துக்கோ பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். போட்டிக்கு அனுப்பும் ஆசையோடு புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பூவை எடுத்துவிட்டுத் தோட்டத்தை எடுத்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். கருப்புப் பின்னணியில் ஒற்றை ரோஜா, அதன்மேல் நான்கு நீர்த்துளி. அந்த ரோஜா ஏற்காட்டில் பூத்ததா, ஓசூரில் பூத்ததா, கடையில் வாங்கியதா என்பது பார்ப்பவருக்குத் தெரியாது.

யாரோ ஒருவர் மண்ணைக் கொத்தி, தண்ணீர் ஊற்றி, ஒரு இடத்தை ஆக்கிவைத்திருக்கிறார் என்பது படத்தில் தெரிய வேண்டும். கீழே உள்ள படிகள் அனைத்தும் அதற்காகத்தான். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். கேமரா ஏழாவது படியில்தான் பையை விட்டு வெளியே வருகிறது.

1. விதிமுறையை அச்செடுத்துப் படியுங்கள்

படம் எடுத்த பிறகு விதிமுறையைப் படிப்பவர்கள்தான் அதிகம். பிறகு இருக்கிற படத்தை ஏதாவது ஒரு பிரிவுக்குள் திணிக்கிறார்கள். முதலில் படித்துவிட்டால், எதற்காக வெளியே போகிறோம் என்பது தெரிந்துவிடும்.

அச்செடுத்த தாளில் ஐந்து இடங்களைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். என்னென்ன பிரிவுகள். படம் எந்தத் தேதிக்குப் பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும். எவ்வளவு திருத்தம் செய்யலாம். கோப்பின் அளவு என்ன. படத்தின் உரிமை யாரிடம் இருக்கும். கடைசியில் உள்ளதைப் பலர் கவனிப்பதில்லை. படத்தைப் போட்டியின் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்வது வழக்கமான நிபந்தனை, அதில் தவறில்லை. முழு உரிமையையும் நிரந்தரமாக எழுதிக் கொடுக்கச் சொன்னால் அந்தப் போட்டிக்கு அனுப்பாதீர்கள். பரிசுத் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

பிரிவுகளை நிதானமாகப் படிப்பது ஏன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இங்கிலாந்திலிருந்து நடத்தப்படும் ‘இன்டர்நேஷனல் கார்டன் போட்டோகிராபர் ஆஃப் தி இயர்’ போட்டியில் தாவரங்களின் அழகுக்கு ஒரு பிரிவு, தோட்டங்களுக்கு ஒரு பிரிவு, தோட்டத்துக்கு வரும் உயிரினங்களுக்கு ஒரு பிரிவு, மரங்களுக்கும் காடுகளுக்கும் ஒரு பிரிவு என்று தனித்தனியாக இருந்துவந்திருக்கின்றன. ஒரே காப்பித் தோட்டத்தில் எடுத்த நான்கு படங்கள் நான்கு பிரிவுகளுக்குப் போகலாம். தோட்டப் பிரிவில் பூவின் நெருக்கப் படத்தைப் போட்டால், படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது தவறான வரிசையில் நிற்கும் படம்.

முதல் மூன்று இடங்களோடு பாராட்டுப் பட்டியலும் பல போட்டிகளில் உண்டு. முதல்முறை அனுப்புபவர் அந்தப் பட்டியலைக் குறிவைப்பதே சரி.

2. தோட்டத்துக்காரரிடம் அனுமதி கேளுங்கள்

கருவி வாங்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். அனுமதி எங்கே கிடைக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் எந்தக் கருவி தேவை என்பது முடிவாகும்.

ஏற்காட்டில் சாலையோரத்தில் வேலி இல்லாமல் தெரியும் காப்பித் தோட்டங்கள் பலவும் தனியாருடையவை. வேலி இல்லை என்பதால் உள்ளே போகலாம் என்று பொருள் இல்லை. மேலாளரிடமோ வீட்டுக்காரரிடமோ ஒரு நாள் முன்னதாகவே நேரில் போய்ப் பேசுங்கள். “ஐயா, ஒரு போட்டிக்குப் படம் எடுக்கிறேன், காலை ஆறு மணிக்கு வந்து எட்டு மணிக்குள் போய்விடுவேன், எந்தச் செடியையும் தொடமாட்டேன்” என்று நேரத்தோடு சொல்லிக் கேளுங்கள். நேரம் சொல்லிக் கேட்பவருக்கு இசைவு கிடைப்பது எளிது.

இன்னொரு காரணமும் உண்டு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைத் தோட்டங்களில் காட்டெருமைகள் நடமாடுகின்றன. விடியற்காலையில் எந்தப் பக்கம் போகக்கூடாது என்பது அங்கே வேலை செய்பவர்களுக்குத்தான் தெரியும். மருந்து தெளித்த நாளையும் அவர்கள்தான் சொல்வார்கள். தனியாகப் போகாதீர்கள்.

பூங்காக்களில் வேறு கதை. சேலத்தின் அண்ணா பூங்காவிலும் ஏற்காட்டின் அண்ணா பூங்காவிலும் செல்பேசியால் எடுப்பதை யாரும் கேட்பதில்லை. முக்காலியை விரித்தால் கேட்கலாம். நுழைவாயிலில் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. மேகாலயத்துக் குடுவைத் தாவரத்தையும் அங்கே வளர்க்கிறார்கள். அது ஆய்வுக்கான இடம். அலுவலகத்தில் கேட்காமல் கேமராவை எடுக்க வேண்டாம்.

மனிதர்களின் முகம் தெளிவாகத் தெரியும் படத்துக்கு அவர்களின் எழுத்து மூலமான சம்மதத்தைச் சில போட்டிகள் கேட்கின்றன. தமிழில் நான்கு வரி எழுதி அன்றே கையொப்பம் வாங்கிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து அவரைத் தேடிக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

3. ஒரே ஒரு தோட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படியில்தான் என் பேச்சை யாரும் எளிதில் ஏற்பதில்லை. ஒரே நாளில் ரோஜாத் தோட்டம், ஏரிக்கரை, பகோடா பாயின்ட் என்று எல்லாவற்றையும் சுற்றிவிட்டு நானூறு படங்களோடு இறங்குகிறார்கள். அந்த நானூறிலும் ஊர் சுற்ற வந்தவரின் பார்வைதான் இருக்கும்.

நான் முதலில் அனுப்பிய மூன்று ஆண்டுகளிலும் எந்தப் பட்டியலிலும் என் பெயர் வரவில்லை. நான்காம் ஆண்டு ஏற்காட்டில் ஒரு பழைய ஓட்டு வீட்டின் முன்வாசல் தோட்டத்துக்கு மட்டும் பதினொரு முறை போனேன். பாராட்டுப் பட்டியலுக்கு வந்த படம் ஒன்பதாவது முறை எடுத்தது. முதல் எட்டு முறையும் வீணாகவில்லை. மூடுபனி எந்தப் பக்கத்திலிருந்து ஏறும், வெயில் முதலில் எந்தத் தொட்டியைத் தொடும், அந்த வீட்டு அம்மா எத்தனை மணிக்குப் பூவாளியோடு வெளியே வருவார் என்பதெல்லாம் அந்த எட்டு முறையில்தான் எனக்குத் தெரிந்தது.

தோட்டம் அருகில் இருப்பது நல்லது. மலைக்குப் போக 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். விடியும் முன் அங்கே இருக்க வேண்டுமென்றால் முந்தின இரவே தங்க வேண்டியிருக்கும். வாரந்தோறும் அது முடியாதவர்களுக்கு ஊருக்குள்ளேயே இடம் இருக்கிறது. பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளித் தோட்டங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. விடியற்காலையில் அரும்பு பறிக்கும் கைகளும் அங்கே உண்டு. உங்கள் தெருவில் யாராவது மாடித் தோட்டம் வைத்திருப்பார்கள். பழைய பெயின்ட் வாளியில் வளரும் கத்தரியும், கயிற்றில் ஏறும் பாகற்கொடியும், பின்னால் தெரியும் சேர்வராயன் மலையும் ஒரே படச் சட்டத்துக்குள் வந்தால், வேறு எந்த ஊராரும் அனுப்ப முடியாத படம் அது.

ஏற்காட்டின் மே மாதக் கோடை விழாவின் மலர்க் கண்காட்சியை நான் பரிந்துரைப்பதில்லை. பூக்களை அடுக்கிச் செய்த உருவங்கள் வேறு கலைஞர்களின் கைவேலை. அவற்றை எடுப்பது அவர்கள் வேலைக்கு ஒரு பதிவாகுமே தவிர, உங்கள் பார்வையாக ஆகாது. கூட்டமும் உங்களை நிற்க விடாது.

4. கேமரா இல்லாமல் நடங்கள்

ஒரு தாளும் பென்சிலும் போதும். தோட்டத்தின் வரைபடத்தைக் கைக்கு வந்தபடி போடுங்கள். கிழக்கு எது, உயர்ந்த மரம் எது, நிழல் எங்கே விழுகிறது, பின்னணியில் கண்ணை உறுத்துவது எது என்று குறியுங்கள். கேமரா கையில் இருந்தால் கண் உடனே பூவுக்குப் போய்விடும்; அதனால்தான் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்கிறேன்.

சேலத்து மாடிகளில் உறுத்துபவை எவை என்று சொல்லிவிடுகிறேன்: கருப்புத் தண்ணீர்த் தொட்டி, கேபிள் வயர், டிஷ் ஆன்டெனா, பக்கத்து வீட்டின் பூசாத சுவர். இவற்றைப் பின்னர் கணினியில் அழித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். படத்தில் இருந்த ஒன்றை நீக்குவதைப் பல போட்டிகள் அனுமதிப்பதில்லை. இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தால் வயர் மறையுமா, தரையில் உட்கார்ந்தால் தொட்டி இலைக்குப் பின்னால் போகுமா என்பதை இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

5. பையில் வைக்க வேண்டியவை

விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. நீங்களே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வழியுள்ள எந்தக் கேமராவும் போதும். அதைவிட முக்கியம் ஆடாத முக்காலி. காலையின் மங்கிய வெளிச்சத்தில் கையில் பிடித்து எடுத்தால் அசைவு வந்துவிடும். அதற்குப் பயந்து, வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றினால் இலைகளின் நுணுக்கம் மணல் தூவியதுபோல் ஆகிவிடும்.

கூடவே, வெயிலை மட்டுப்படுத்த ஒரு சட்டத்தில் ஒட்டிய டிரேசிங் பேப்பர், நிழலுக்குள் வெளிச்சம் அனுப்ப ஒரு வெள்ளை அட்டை, மண்டியிட ஒரு கோணிச் சாக்கு, லென்ஸ் துடைக்க இரண்டு பருத்தித் துணி. போலரைசர் வடிகட்டி இருந்தால் மழைக்குப் பிறகு எடுத்துவாருங்கள். ஈர இலைகளின் பளபளப்பை அது வெட்டி, அடியிலுள்ள பச்சையைக் காட்டும். ஆனால் வெளிச்சத்தில் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை விழுங்கிவிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும், கூடினால் இரு மடங்காகும்). மூடுபனியில் அதனால் பயனில்லை, கழற்றிவிடுங்கள்.

ஏசி அறையிலிருந்தோ ஏசி காரிலிருந்தோ கேமராவை நேராக ஈரக்காற்றுக்குள் எடுத்தால் லென்ஸில் நீர்ப்படலம் படியும். குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் தங்குவதுதான் காரணம். வந்து சேர்ந்ததும் அரை மணி நேரம் பையை மூடியபடியே வெளியில் வைத்திருங்கள். துணியால் துடைத்துத் துடைத்து எடுக்கலாம் என்று பார்த்தால் மறுபடியும் படியும்; அதற்குள் வெளிச்சம் போய்விடும்.

6. நாளையும் நேரத்தையும் குறியுங்கள்

காப்பிப் பூ வேண்டுமென்றால் நாட்காட்டியைவிட மழையைப் பாருங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஒரு நல்ல மழை பெய்து ஏறக்குறைய எட்டு, பத்து நாட்களில் கிளை முழுவதும் வெள்ளையாக விரியும். மல்லிகை போன்ற மணம் தோட்டத்தை நிறைக்கும். இரண்டு மூன்று நாட்களில் வாடத் தொடங்கிவிடும். மழை பெய்த தேதியை எழுதிவைத்து, மேலாளரைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். பூ விரிந்திருக்கும் நாட்களில் செடிகளுக்கு நடுவே ஆட்கள் புழங்குவதைத் தோட்டத்தார் விரும்புவதில்லை. பாதையில் நின்றபடியே எடுங்கள். தவறவிட்டால் வருத்தப்பட வேண்டாம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை அதே கிளைகளில் சிவந்த பழமும் பறிக்கும் கைகளும் இருக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, கோடையில் இங்கே ஏறக்குறைய ஆறு மணிக்குச் சூரியன் எழுகிறது. மலையில் எட்டு மணி வரை எடுக்கலாம். சேலம் மாடியில் ஏழேகால் மணிக்கே வெயில் கடுமையாகிவிடும். வெள்ளைச் சுவரும் தரையும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். உச்சி வெயிலில் எடுத்த தோட்டப் படங்கள் தேர்வாவது மிக அரிது. இலைக்குக் கீழே கரிய நிழல், இலைமேல் வெளுத்த திட்டு, இரண்டுக்கும் நடுவில் எதுவும் இருக்காது.

மேகமூட்டமான நாளைக் கண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். வானம் முழுவதும் ஒரே விளக்காகி, நிழல் மெல்லியதாகி, பூவின் நிறம் நிறைந்து நிற்கும் நாள் அதுதான்.

7. தொலைவிலிருந்து நெருக்கத்துக்கு வாருங்கள்

புதியவர்கள் முதலில் பூவின் மகரந்தத்துக்கு அருகில் போய்விடுவார்கள். இரண்டு மணி நேரம் கழித்து நிமிர்ந்து பார்க்கும்போது தோட்டத்தின் மீதிருந்த வெளிச்சம் முடிந்திருக்கும். நெருக்கப் படத்தை நிழலிலும் எடுக்கலாம். அகன்ற படத்துக்கு அந்த இருபது நிமிட வெளிச்சம்தான் உண்டு. அதனால் முதலில் முழுத் தோட்டம், அடுத்து ஒரு பாத்தி அல்லது ஒரு மூலை, கடைசியாகத் தனிச் செடி.

அகன்ற படத்தில் நுழைய ஒரு வழி வேண்டும். வரப்பு, கல் பதித்த நடைபாதை, சாய்த்துவைத்த ஏணி, எதுவாக இருந்தாலும் அது கண்ணை உள்ளே கூட்டிப்போக வேண்டும். உள்ளே போன கண் நிற்க ஓர் இடமும் வேண்டும்: கிணற்றுமேடு, துளசி மாடம், கொடிப்பந்தலின் நிழலில் ஒரு நாற்காலி. காப்பித் தோட்டத்தில் இந்த இரண்டையும் சில்வர் ஓக் மரங்களே தந்துவிடும். நேராக எழும் தண்டுகளும் அவற்றில் ஏறும் மிளகுக்கொடியும் மூடுபனிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக மங்கிப்போவதைப் பாருங்கள்.

லென்ஸில் ஒளி நுழையும் துளையான அப்பெர்ச்சரை எஃப் 8 முதல் 11 வரை வையுங்கள்; எண் கூடக்கூடத் துளை சிறிதாகும். எல்லாம் தெளிவாக வர வேண்டும் என்று 22-க்குப் போனால், ஒளி சிறு துளையில் வளைந்து படம் முழுவதுமே சற்று மழுங்கும். முக்காலியில் வைத்ததும் இரண்டு வினாடி டைமரைப் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

பிறகு காற்று. மலையில் காற்று அலை அலையாக வரும். இரண்டு அலைகளுக்கு நடுவே சில வினாடிகள் இலைகள் அசையாது நிற்கும். அதற்குக் காத்திருங்கள். காத்திருக்க முடியாத காற்றென்றால் ஷட்டர் வேகத்தை 1/250 அல்லது 1/500 வினாடிக்கு உயர்த்துங்கள். செடியைக் கயிற்றால் கட்டுவது, கிளையை ஒடித்து நகர்த்துவது, இடையூறாக இருக்கும் பூவைக் கிள்ளுவது எதுவும் வேண்டாம். தோட்டத்தை வளர்த்தவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒவ்வொரு படத்துக்கும் முன், பூவைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுச் சட்டத்தின் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்று பாருங்கள். பாதி வெட்டுப்பட்ட தொட்டியும், ஓரத்தில் எட்டிப்பார்க்கும் பச்சை ரப்பர் குழாயும் அப்போதுதான் தெரியும்.

8. வெளிச்ச அளவில் மூன்று பொறிகள்

முதலாவது, வெள்ளைப் பூ. கரும்பச்சை இலைகளுக்கு நடுவே சிறிதாக வெள்ளைப் பூ இருந்தால், கேமரா இலைகளை அளந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். பூ வெளுத்து இதழே இல்லாமல் போகும். காப்பிப் பூவுக்கு முக்கால் ஸ்டாப் அளவு குறைத்து எடுங்கள். அதே வெள்ளைப் பூ சட்டத்தை முழுவதும் நிறைத்தால் நிலைமை தலைகீழ்: கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும், கூட்ட வேண்டும். எப்போதும் குறை, எப்போதும் கூட்டு என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இரண்டாவது, சிவப்பு. செம்பருத்தியும் சிவப்பு ரோஜாவும் திரையில் நன்றாகத் தெரிந்தாலும் சிவப்பு மட்டும் தனியாக நிரம்பி வழிந்திருக்கும். இதழின் மடிப்புகள் மறைந்து ஒரே வண்ணத் திட்டாகிவிடும். வெளிச்சத்தின் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டச் செய்து, சிவப்பு வலது ஓரத்தில் மோதினால் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

மூன்றாவது, மூடுபனி. கேமராவுக்கு அது மிகுந்த வெளிச்சம்போல் தோன்றும். அழுக்குச் சாம்பலாக எடுத்துவைக்கும். முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள்.

மரநிழலில் எடுத்த வெள்ளைப் பூவில் பச்சை ஏறியிருக்கும், மேலே உள்ள இலைகளின் வழியாக வரும் ஒளி அது. கேமரா பதிவுசெய்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்தால் பின்னர் சரிசெய்யலாம். கேமராவே சுருக்கித் தரும் ஜேபெக்கில் மட்டும் எடுத்தவர்களுக்கு இந்தத் திருத்தம் பாதிதான் கைகூடும்.

9. தேனீயும் பட்டாம்பூச்சியும்

பூச்சியைத் துரத்தாதீர்கள். எந்தப் பூவுக்கு அவை திரும்பத் திரும்ப வருகின்றன என்று பத்து நிமிடம் பார்த்து, அந்தப் பூவில் ஃபோகஸை வைத்துக் காத்திருங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்து மந்தமாக்கிய பூச்சியை இலையில் உட்காரவைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது கொடுமை. கால்கள் இருக்கும் விதத்திலேயே நடுவர்களுக்கு ஐயம் வந்துவிடும்.

10. செல்பேசியில் எடுப்பவர்களுக்கு

செல்பேசிக்கெனப் பிரிவு வைத்திருக்கும் போட்டிகளும் உண்டு. லென்ஸை முதலில் துடையுங்கள். சட்டைப்பையின் எண்ணெய்ப்பிசுக்குதான் பாதிப் படங்களைக் கெடுக்கிறது. இரண்டு விரலால் பெரிதாக்காமல் நடந்து அருகில் போங்கள். திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். பின்னணியை மென்பொருளால் மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறை, இதழின் ஓரத்தையும் நுண்ணிய பற்றுக்கம்பியையும் சேர்த்தே தின்றுவிடும். பெரிய திரையில் பார்க்கும் நடுவருக்கு அது உடனே தெரியும். படத்தின் மூலையில் செல்பேசியின் பெயர் பதிவாவதையும் நிறுத்திவையுங்கள், ஏனென்றால் எழுத்து உள்ள படங்களைப் பல போட்டிகள் ஏற்பதில்லை.

11. கழித்துக் கழித்துத் தேர்ந்தெடுங்கள்

எடுத்த அன்று இரவே தேர்ந்தெடுக்காதீர்கள். விடியற்காலைக் குளிர், கேட்ட பறவை, குடித்த தேநீர் எல்லாம் மனதில் இருக்கும். அவை படத்தில் இருப்பதாகத் தோன்றும். இரண்டு வாரம் ஆற விடுங்கள்.

பிறகு மூன்று சுற்று. முதல் சுற்றில் ஃபோகஸ் தவறியவற்றை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து நீக்குங்கள். இரண்டாம் சுற்றில் ஒரே காட்சியின் பல பிரதிகளில் ஒன்றை மட்டும் வையுங்கள். மூன்றாம் சுற்றில் ஒவ்வொரு படத்தையும் சிறு தபால்தலை அளவில் பாருங்கள். அந்த அளவில் கண்ணைப் பிடிக்காத படம் முதல் கட்டத் தேர்வைத் தாண்டுவது கடினம். ஆயிரக்கணக்கான படங்களுக்கு நடுவே உங்கள் படத்துக்குக் கிடைப்பது சில வினாடிகள்தான்.

எஞ்சிய பத்தையும் நான்குக்கு ஆறு அங்குலத்தில் அச்சிட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். ஒரு வாரத்தில் சில படங்கள் அலுத்துவிடும். வீட்டுக்கு வருபவர்களிடம் “எது நன்றாக இருக்கிறது?” என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு எல்லாமே நன்றாக இருக்கிறது என்பார்கள். “இது எந்த மாதிரியான இடம், யாருடைய தோட்டமாக இருக்கும்?” என்று கேளுங்கள். சரியாகச் சொல்ல முடிந்தால் படம் பேசுகிறது. நான் அனுப்ப நினைத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு படத்தை இந்தக் கேள்விதான் வெளியே தள்ளியது. அதைப் பார்த்த மூன்று பேரும் திருமண மண்டபத்து அலங்காரம் என்றார்கள்.

12. திருத்தம்

வெளிச்சம், வெள்ளைச் சமநிலை, சிறிதளவு கத்தரிப்பு, லென்ஸ் தூசியால் விழுந்த புள்ளியை நீக்குவது. இத்தோடு நில்லுங்கள். பச்சையை அளவுக்கு மீறி ஏற்றுவதுதான் பொதுவான தவறு. ஏற்காட்டின் காப்பி இலை கருமை கலந்த பச்சை, அதைக் கிளிப்பச்சையாக்கினால் அந்த மலையையே தெரியாதவர் எடுத்த படமாகிவிடும். ஜெகரண்டா போன்ற ஊதாப் பூக்களைக் கேமரா நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ காட்டுவதுண்டு. உதிர்ந்த ஒரு பூவை எடுத்துவந்து திரைக்குப் பக்கத்தில் வைத்து நிறத்தை ஒப்பிட்டுத் திருத்துவேன். அசல் கோப்பில் எதையும் மாற்றாமல் பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

13. தலைப்பும் குறிப்பும்

‘இயற்கையின் புன்னகை’, ‘வண்ணக் கனவு’ போன்ற தலைப்புகள் எந்தப் படத்துக்கும் பொருந்தும். அதனாலேயே எதற்கும் பொருந்துவதில்லை. ‘மழைக்குப் பின் மிளகுக்கொடி, ஏற்காடு’ என்றால் இடமும் நேரமும் செடியும் வந்துவிட்டன.

தாவரத்தின் பெயரைச் சரிபாருங்கள். தாவரம் அறிந்த நடுவர்கள் இருப்பார்கள். காகிதப்பூவின் வண்ணப் பகுதியை இதழ் என்று எழுதாதீர்கள். அது பூவடிச் செதில், உண்மையான பூ நடுவில் சிறிதாக வெள்ளையாக இருக்கும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஜெகரண்டாவைச் சேர்வராயன் மலையின் காட்டு மரம் என்று எழுதியவரையும் பார்த்திருக்கிறேன். தோட்டக்காரரிடம் உள்ளூர்ப் பெயரைக் கேட்டு, தாவரவியல் பெயரைப் புத்தகத்தில் பார்த்து, இரண்டையும் எழுதுங்கள்.

14. கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பே அனுப்புங்கள்

கடைசி இரவில் இணையதளம் திணறும். வெளிநாட்டுப் போட்டியென்றால் அவர்களுடைய நேரத்தில்தான் கெடு முடியும். இந்திய நேரத்துக்கு மாற்றிச் சுவரில் எழுதிவையுங்கள்.

வண்ண முறையை எஸ்ஆர்ஜிபி என்று வைத்து ஜேபெக்காகச் சேமியுங்கள். வேறு வண்ண முறையில் அனுப்பினால் சில திரைகளில் நிறம் வெளிறித் தெரியும். நீளப் பக்கத்தின் பிக்சல் எண்ணிக்கை விதிமுறையில் உள்ளபடியே இருக்கட்டும். கோப்பின் பெயரில் உங்கள் பெயர் வரலாமா என்று மறுபடி பாருங்கள். நடுவர்களுக்குப் பெயர் தெரியக்கூடாது என்று விதி வைத்திருப்பவர்கள் அதற்காகவே படத்தை ஒதுக்குவார்கள். வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பித் திரும்பப் பெற்ற பிரதியை ஒருபோதும் அனுப்பாதீர்கள், அது சுருக்கப்பட்டிருக்கும்.

அனுப்பிய பிறகு, அசல் ரா கோப்பை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். இறுதிச் சுற்றுக்கு வந்த படங்களுக்கு அமைப்பாளர்கள் அசலைக் கேட்பது வழக்கம். மின்னஞ்சல் வந்த சில நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். என்னோடு வந்த இளைஞர் ஒருவருக்கு அப்படி மின்னஞ்சல் வந்தபோது, மெமரி கார்டை அழித்துத் தங்கையின் திருமணத்துக்குப் பயன்படுத்தியிருந்தார். படம் அவருடையதுதான் என்று காட்ட அவரிடம் எதுவும் இல்லை. மின்னஞ்சல் பெட்டியின் தேவையற்றவை பகுதியையும் முடிவு வரும்வரை வாரத்துக்கு இருமுறை திறந்து பாருங்கள்.